தே, சாயா, டீ

செங்கோட்டையில் பஸ் ஏறுமுன் நின்றபடி குடிப்பது டீ. புளியரை தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, ஆரியங்காவில் இறங்கினால் அதற்குப் பெயர் சாயா. இடையில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா வாசலிலேயே கேட்டார்: "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, தம்பி?" இந்த மூன்றில் எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. பத்து வயதில், தாத்தா தன் கிளாஸிலிருந்து ஆற்றிக் கொடுத்த கால் டீயில் தொடங்கிய பழக்கம் இது. காய்ச்சல் வந்த நாளிலும் விட்டதில்லை. ஆனால் ஒரே இலைக்கு நம் நாக்கில் ஏன் மூன்று பெயர் என்ற கேள்வி மட்டும் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு வந்தது.

சீனத்தில் தேயிலைக்கு எழுத்து ஒன்றுதான். வாசிப்பதுதான் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. பெரும்பாலான இடங்களில் அது 'சா'. தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்து ஹொக்கியன் பேச்சில், அது 'தே'. தரைவழியே மேற்கே போன இலை 'சா'வைச் சுமந்துபோய்ப் பாரசீகத்தில் 'சாய்' ஆயிற்று. ரஷ்யர், துருக்கியர், இந்திக்காரர் எல்லோருக்கும் இன்றும் அதே பெயர்தான். நம் மலையாள அண்டைவீட்டாரின் சாயாவும் அந்தக் குடும்பமே. மக்காவ் துறைமுகத்தில் கடை விரித்த போர்ச்சுகீசியரும் 'சா' என்றே வாங்கினார்கள். டச்சுக்காரர்கள் மட்டும் ஹொக்கியன் வணிகர்களிடம் சரக்கெடுத்தார்கள். அவர்கள் கப்பலில் 'தே' ஏறிக்கொண்டது. ஆங்கிலேயரும் முதலில் 'டே' என்றுதான் உச்சரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப் இந்தச் சொல்லோடு 'ஒபே' என்ற சொல்லை இயைபாகச் சேர்த்திருப்பது அதற்குச் சாட்சி. பிறகு அவர்கள் நாக்கு 'டீ'க்கு மாறிவிட்டது. தேயிலை, தேநீர், தேத்தண்ணி என்று சொல்லும் நாமோ அந்தப் பழைய துறைமுகத்து ஒலியை இன்னமும் காப்பாற்றி வைத்திருக்கிறோம். கடையில் 'டீ' என்றும் எழுத்தில் 'தே' என்றும் மலைக்கு அந்தப்பக்கம் 'சாயா' என்றும் மூன்று பாதைகளும் நம்மிடம் வந்து கூடுகின்றன.

பாதைகள் தொடங்கிய இடத்துக்குப் போவோம். ஷென்னோங் என்ற ஆதி அரசர் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது காற்றில் ஓர் இலை பறந்துவந்து பானையில் விழுந்தது என்பது சீனர் சொல்லும் கதை. மண்ணுக்கடியில் கிடைத்த சாட்சி வேறு. கி.மு. 141இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் தேயிலை மொட்டுகள் கிடைத்தன. அவை தேயிலையே என்று 2016இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது கி.மு. 59ஆம் ஆண்டின் ஒரு சீட்டு. சிச்சுவானில் வாங் பாவ் என்ற எழுத்தாளர் ஓர் அடிமையை விலைக்கு வாங்கினார். எழுதித் தராத வேலை எதையும் செய்யமாட்டேன் என்றார் அந்த அடிமை. வாங் பாவ் விடவில்லை. விடியலிலிருந்து நள்ளிரவுவரை செய்யவேண்டிய வேலைகளை நீளமாக எழுதினார். விருந்தினர் வந்தால் தேயிலை காய்ச்ச வேண்டும், சந்தைக்குப் போய்த் தேயிலை வாங்கிவர வேண்டும் என்பவையும் அதில் உண்டு. தேயிலையை வாங்கி விற்றதற்கான மிகப் பழைய எழுத்துச் சான்றாக அறிஞர்கள் பலர் காட்டுவது இந்த அடிமைச் சீட்டைத்தான். இந்தச் சீட்டை மனத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

8ஆம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். மடத்தில் வளர்ந்த அநாதைப் பிள்ளை அவர். அந்தக் காலத்தில் தேயிலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, அச்சில் அழுத்தி வில்லையாக்கி வைப்பார்கள். வேண்டும்போது வாட்டிப் பொடித்து, உப்புச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். உப்பு வரைக்கும் லூ யூ ஒத்துக்கொண்டார். ஊர்மக்கள் வெங்காயமும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் புதினாவும் போட்டுக் கொதிக்கவிடுவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. சாக்கடையில் கொட்டவேண்டிய கழிவு என்று எழுதிவிட்டார். இஞ்சி டீக்கு எதிரான முதல் குரல் அது. 1,200 ஆண்டு கழித்து அதே குரல் இந்தியாவிலும் எழுந்தது, தோற்றும் போனது.

அடுத்த சோங் அரச காலத்தில் தேயிலையை மாவாக அரைத்து, மூங்கில் கடைகோலால் நுரை வரக் கடைந்து குடித்தார்கள். எய்சாய் என்ற ஜப்பானியத் துறவி சீனத்துக்குப் போய்விட்டு 1191இல் திரும்பும்போது விதைகளையும் இந்த முறையையும் எடுத்துச் சென்றார். அப்புறம் சீனத்தில் ஓர் ஏழை விவசாயி மகன் பேரரசரானார். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ. வில்லைத் தேயிலை செய்வது குடியானவர்களுக்கு எவ்வளவு பாடு என்று கண்டு, 1391இல், இனி அரண்மனைக்கு உதிரி இலையே கப்பமாக வந்தால் போதும் என்று ஆணையிட்டார். வில்லை போயிற்று, கடைகோலும் போயிற்று. உதிரி இலையை வெந்நீரில் ஊறவைப்பதற்காகத் தேநீர்க் கூஜா பிறந்தது. ஐரோப்பியர் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டது இந்தப் புது வழக்கத்தை. இருநூறு ஆண்டு முன்னால் வந்திருந்தால் லண்டனில் இன்று தேயிலையைக் கடைந்துகொண்டிருப்பார்கள். சீனம் மறந்த கடைகோல் ஜப்பானில் மட்டும் பிழைத்திருக்கிறது.

1610 வாக்கில் டச்சுக் கப்பலில் தேயிலை ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. லண்டன் அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25 அன்று முதன்முதலாகத் தேநீர் குடித்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாண்டு கழித்து, போர்ச்சுகீசிய இளவரசி கேதரின் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்தார். தேநீர் குடிக்கும் பழக்கம் அரண்மனைக்குள் பரவ அவர் பெரிய காரணம். அவருடைய சீதனத்தில் பம்பாய்த் தீவும் இருந்தது. இந்தியாவின் பெரிய துறைமுக நகரமும் இங்கிலாந்தின் பெரிய பழக்கமும் ஒரே கல்யாணத்தில் கைமாறின.

ராணி குடிப்பதை ஊரும் குடிக்க ஆசைப்பட்டது. வரியோ கழுத்தை நெரித்தது. உச்சத்தில் நூற்றுக்கு 119 வரை போயிற்று. கடற்கரைக் கிராமங்கள் கள்ளக்கடத்தலில் இறங்கின. போலிச் சரக்கும் வந்தது. ஆஷ் மரத்து இலையை உலர்த்தி, மிதித்து, ஆட்டுப் புழுக்கையோடு ஊறவைத்துத் தேயிலை என்று விற்றதை ரிச்சர்ட் ட்வைனிங் என்ற வணிகர் 1785இல் அம்பலப்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசு வரியை 12.5 சதவீதமாக வெட்டியிருந்தது. கடத்தல்காரர் பிழைப்பு சட்டென்று படுத்தது. அமெரிக்காவில் நடந்தது எல்லோரும் பள்ளியில் படித்ததே: 1773 டிசம்பர் 16, பாஸ்டன் துறைமுகம், கடலில் எறியப்பட்ட 342 பெட்டிகள். அத்தனையும் சீனத் தேயிலை. இந்தியாவில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு தேயிலைத் தோட்டமும் கிடையாது.

அதுதான் கம்பெனியின் பெருங்கவலை. சீனர் தேயிலைக்குப் பெரும்பாலும் வெள்ளியையே கேட்டார்கள். வெள்ளி கரைவதைத் தடுக்க, இந்திய வயல்களில் விளைந்த அபினை வணிகர்கள் வழியாகச் சீனத்துக்குள் தள்ளினார்கள். 1839இல் அது போராக வெடித்தது. ஒரு நாட்டு மக்கள் மாலையில் சுகமாகக் குடிப்பதற்காக இன்னொரு நாட்டு மக்கள் போதையில் மடிந்தார்கள். தேநீரை நேசிக்கிற நான் அதன் வரலாற்றில் மிகக் கேவலமானதாக நினைப்பது இதைத்தான்.

அதேவேளையில் தேயிலை அசாமின் காடுகளில் மரமாகவே நின்றுகொண்டிருந்தது. சிங்போ பழங்குடியினர் அதைக் காலங்காலமாகப் பறித்துக் காய்ச்சிக் குடித்துவந்தார்கள். 1823இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரைச் சிங்போத் தலைவரிடம் அனுப்பிவைத்தவர் மணிராம் தேவான் என்ற அசாமியர். 'கண்டுபிடித்தவர்' என்ற பெயர் புரூஸுக்குப் போயிற்று. அசாம் தேயிலை 1839 ஜனவரியில் லண்டனில் ஏலம் போனது. மணிராம் அசாம் கம்பெனியில் வேலை பார்த்தார், விலகினார், சொந்தமாகத் தோட்டம் போட்டார். அப்படிச் செய்த முதல் இந்தியர்களில் ஒருவர். 1857 கிளர்ச்சியில் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, 1858 பிப்ரவரியில் ஜோர்ஹாட்டில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அசாமில் செடி இருந்தும் சீனத்து ரகசியம் வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏக்கம். 1848இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவரவியலாளரை அனுப்பியது. அவர் தலையை மழித்து, பின்னல் வைத்து, சீன உடையில், வெளிநாட்டார் போகக்கூடாத மலைகளுக்குள் போனார். பச்சைத் தேநீரும் கறுப்புத் தேநீரும் வெவ்வேறு செடி அல்ல, பதப்படுத்துவதில்தான் வேறுபாடு என்பதை உறுதிசெய்தார். ஏற்றுமதிப் பச்சைத் தேயிலைக்கு நீலச் சாயமும் ஜிப்சமும் பூசுவதையும் நேரில் பார்த்தார். செடிகளைக் கடல் கடத்துவதுதான் கஷ்டம். முதல் சரக்கில் பெரும்பகுதி வழியிலேயே செத்தது. அப்போது நத்தானியல் வார்டு என்ற லண்டன் மருத்துவரின் கண்ணாடிப் பெட்டி கைகொடுத்தது. அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஒரு புட்டியில் அடைத்து வைத்திருந்தார் வார்டு. அதன் அடியில் கிடந்த மண்ணில் தானாகப் பெரணி முளைத்ததைப் பார்த்துத்தான் மூடிய பெட்டிக்குள் செடி வாழும் என்று கண்டுகொண்டார். அந்தப் பெட்டியின் மண்ணில் ஃபார்ச்சூன் விதைகளைத் தூவினார். இமயமலைக்கு வந்துசேர்ந்தபோது 12,000க்கும் மேற்பட்ட நாற்றுகள் முளைத்திருந்தன. கூடவே தேயிலை செய்யத் தெரிந்த சீனத் தொழிலாளர்களையும் அழைத்துவந்திருந்தார்.

நம் மலைக்கும் இலை வந்தது. 1830களிலேயே நீலகிரியின் கேத்தி அரசுப் பண்ணையில் சோதனைக்கு நட்டார்கள். தாய்சோலை போன்ற தோட்டங்கள் 1850களின் கடைசியில் எழுந்தன. மலைத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காக நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்திருந்த சிறைக் கட்டடத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

இலங்கைக்குத் தேயிலையைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு பூஞ்சணம் என்றே சொல்ல வேண்டும். அங்கே முதலில் விளைந்தது காப்பி. தமிழ்நாட்டு வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் திரட்டினார்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். 1869இல் காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு படிந்தது. இருபது ஆண்டுக்குள் தோட்டங்கள் பட்டுப்போயின. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் கண்டிக்கு அருகே லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டு, பங்களாத் திண்ணையில் கையால் இலை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நொடித்துப்போன துரைமார் அவரைப் பார்த்து நட்டார்கள். பட்டுப்போன காப்பிச் செடியின் அடிமரம் இங்கிலாந்துக்குப் போய் டீ மேசைக்குக் கால் ஆயிற்று. 1890இல் வந்த மளிகை வணிகர் தாமஸ் லிப்டன் விலை சரிந்திருந்த தோட்டங்களை வாங்கிப்போட்டு, பொட்டலத் தேயிலையால் உலகப் புகழ் பெற்றார்.

பயிர் மாறியது, தொழிலாளர் அடைந்துகிடந்த லயம் என்ற வரிசைக் குடியிருப்பு மாறவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் கங்காணியும் கடனும் அப்படியே தொடர்ந்தன. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன்' என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதற்குப் பெயர் 'துண்டு'. நம்முடைய சொல்தான், ஆங்கில ஆவணங்களிலேயே அப்படியே ஏறிவிட்டது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வாங் பாவ் எழுதிய சீட்டுக்கும் இந்தத் துண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. இலை எத்தனையோ வடிவம் எடுத்துவிட்டது. காகிதம் மட்டும் அதே காகிதமாக இருந்திருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. டேன்டீ என்பது அதுதான். இலங்கையிலேயே தங்கிய மலையகத் தமிழர், 2023இல், இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள், முன்னோர் நடந்த அதே திசையில்.

இத்தனை விளைந்தும் இந்தியர் டீ குடிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அது பெரும்பாலும் ஏற்றுமதிச் சரக்கு. 1903இல் தேயிலைக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் பிரசாரம் தொடங்கினார்கள். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக் கொட்டகை, ரயில் நிலையங்களில் பல மொழியில் விளம்பரப் பலகை, சந்தைகளில் இலவச டீ, வீட்டுக்கு வந்து போட்டுக்காட்ட ஆட்கள். கூஜாவை முதலில் சூடாக்கு, ஆளுக்கொரு கரண்டி இலை போடு, ஐந்து நிமிடம் மூடிவை, பால் கடைசியில் என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், செய்ததோ வேறு. பாலையும் சர்க்கரையையும் தாராளமாக விட்டு, இலையைக் குறைத்து, பல ஊர்களில் இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தார்கள். தேயிலை செலவாவது குறைகிறதே என்று பிரசாரம் நடத்திய தேயிலைச் சங்கத்தாருக்கு வருத்தம். லூ யூவுக்கும் இதே இஞ்சிமேல்தான் வருத்தம். காந்தியும் தேநீர் வேண்டாம் என்று எழுதினார். யார் சொல்லும் எடுபடவில்லை. தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் நுழைந்து கௌரவமாக உட்கார்ந்துகொண்டது. டீ உழைப்பாளிகளோடு தெருவில் நின்றது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' இந்தப் பிரிவினையை விரிவாகச் சொல்கிறது.

டீயை ஏழைக்கு எட்டும் விலையில் வைத்தது ஒரு யந்திரம். 1930 வாக்கில் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர், பற்கள் பதித்த இரு உருளைகளுக்கு இடையே இலையைக் கொடுத்து நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறையை உருவாக்கினார். அதுதான் சிடிசி. இலை சிறு மணிகளாக உதிர்ந்தது. சட்டென்று சாறு இறங்கும், நிறம் கடுக்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், ஒரு கிலோவில் கூடுதல் கிளாஸ் வரும். சலிக்கும்போது அடியில் சேரும் ஆகப் பொடியான ரகம் டஸ்ட். தென்னிந்தியக் கடைகள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன. பாய்லர் வெந்நீர், துணிப்பை வடிகட்டி, டீ மாஸ்டரின் கை உயரம் என்று ஒரு தனி முறையே பிறந்தது. பொடி என்று மட்டமாக நினைக்க வேண்டாம். மேலைநாட்டு டீ பையிலும் இருப்பது இதற்கு நெருங்கிய உறவே. மில்வாக்கி நகரத்துப் பெண்கள் இருவர், ராபர்ட்டா லாசனும் மேரி மெக்லாரனும், 1903இலேயே துணிப்பைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அங்கே ஒரு கோப்பைக்கு ஒரு பை, இங்கே ஊருக்கே ஒரு பை.

நம் டீக்கடை பத்திரிகை படிக்க, அரசியல் பேச, வேலைக்கு ஆள் பிடிக்க என்று எல்லோருக்கும் திண்ணையாக இருந்தது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. எல்லோருக்கும் இல்லை. பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள், கழுவி வைக்கவும் அவர்களையே சொன்னார்கள். இரட்டைக் குவளை ஒழியவேண்டும் என்று போராட்டங்கள் நடந்தன. நான் பிறந்த பிறகும் நடந்தன. டீயின் கதையில் இதை விட்டுவிட்டு மேலே போவது நியாயமில்லை.

மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் அங்கே கடை போட்டு, டின் பால் சேர்த்து, இரண்டு குவளைக்கு நடுவே நீளமாக ஆற்றிக் கொடுத்தார்கள். மலாய்க்காரர் அதைத் 'தெஹ் தாரிக்' என்றார்கள்: இழுத்த தேநீர். இன்று அது மலேசியாவின் தேசிய பானம்போல. சொல்லில் பாதி ஹொக்கியன், பாதி மலாய். ஆற்றும் கை நம்முடையது. அங்கிருந்து வந்த உறவினர் யாராவது "தே தாரிக் மாதிரி வராது" என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. ஒரே குடும்பம்தானே.

சுமாராக ஒரு கிளாஸ் டீக்கு 2 கிராம் தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆக, நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஏறத்தாழ 9 கிராம் கொழுந்தை யாரோ கிள்ளியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு பெண். வால்பாறைத் தோட்டங்களில் தலைமுறைகளாக அந்த வேலையைச் செய்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். அந்த இடத்துக்கு இப்போது ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதே லயத்தில் தங்கி, அதே சரிவில் கூடை சுமக்கிறார்கள். அசாமியர் பேச்சில் தேநீருக்குப் பெயர் 'சாஹ்'.